கண்ணில் கொழுப்புப் படிவு: எண்ணெயை நிறுத்தினால் போகுமா?

கேள்வி: எனக்கு 66 வயது. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டியவன். பீடிப் பழக்கம் இருந்தது, விட்டுப் பல வருடம் ஆகிறது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில், விழித்திரையில் ‘ட்ரூசன்’ என்ற கொழுப்புப் படிவு இருக்கிறது, வயதானால் வருவது, ஆரம்ப நிலைதான் என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு எண்ணெயே சேர்ப்பதில்லை. கீரையைக்கூட வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தருகிறார்கள். இது சரியா? மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: முதலில் அந்தக் கீரையைத் தாளித்துத் தரச் சொல்லுங்கள் ஐயா.

கீரையில் லூட்டின், ஸியாக்சாந்தின் என்று இரண்டு மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன. விழித்திரையின் மையமான மேக்குலாவில் இவை போய்ச் சேர்ந்து, நீல ஒளியை வடிகட்டுகின்றன. எழுத்துப் படிப்பதும் முகம் அடையாளம் தெரிவதும் அந்த இடத்தால்தான். இந்த நிறமிகளை உடம்பு தானாகத் தயாரித்துக்கொள்ளாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். இரண்டும் கொழுப்பில் கரைபவை. எண்ணெய் இல்லாமல் சாப்பிட்டால் குடல் அவற்றைச் சரியாக உறிஞ்சாது. கண்ணுக்காகக் கீரை சாப்பிட்டு, கண்ணுக்குப் போகவேண்டியதைப் பாதி வழியில் விட்டுவிடுகிறீர்கள்.

‘கொழுப்புப் படிவு’ என்ற பேச்சுதான் உங்கள் வீட்டில் பயத்தைக் கிளப்பியிருக்கிறது. ட்ரூசனில் கொழுப்பும் புரதமும் இருப்பது உண்மை. ஆனால் சட்டியில் ஊற்றிய எண்ணெய் நேரே போய் அங்கே உட்கார்ந்துகொள்வதில்லை. விழித்திரையின் ஒளி வாங்கும் செல்கள் தினமும் தங்கள் நுனியைக் கொஞ்சம் உதிர்க்கின்றன. அடியில் இருக்கும் ஒரு செல் அடுக்கு அந்தக் கழிவை விழுங்கி அப்புறப்படுத்தும். வயதாக ஆக அந்த வேலை மந்தமாகி, அடியில் கழிவு தங்குகிறது. அதனால் எண்ணெயை அடியோடு நிறுத்தி இதைக் கரைத்துவிட முடியாது. சொல்லப்போனால் அந்த ஒளி வாங்கும் செல்களின் சவ்வே டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு நிறைந்தது.

எண்ணெய் எவ்வளவு? ஒரு நாளைக்கு மூன்று, நான்கு டீஸ்பூன் போதும். மல்லாட்டை விளைகிற பக்கத்தில் இருக்கிறீர்கள், கடலை எண்ணெயே தாராளமாகப் போதும். முருங்கைக்கீரையை உருவி, சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி, கீரையைப் போட்டு, இறக்கும் முன் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். முட்டையின் மஞ்சள் கருவிலும் லூட்டின் உண்டு, அதுவும் கொழுப்போடு சேர்ந்தே வருவதால் எளிதாக உடம்பில் சேரும். வாரத்தில் நாலைந்து நாள் ஏதாவது ஒரு கீரை இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் போன்ற மாத்திரை எடுப்பவர் என்றால் மட்டும், கீரையை திடீரென்று கூட்டுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேரட்டும் நல்லதுதான். ஆனால் அதன் புகழ் வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணைச் சேர்ந்தது. உங்கள் பிரச்சினை வேறு.

தவிர்க்கவேண்டியது, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய். அப்படிக் காய்ச்சும்போது இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு கூடும். எண்ணெயில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. ஆனால் சாயங்காலம் பஜ்ஜிச் சட்டியில் கறுத்துக் கிடக்கும் எண்ணெயை யார் அளந்து பார்க்கிறார்கள்? ஆம்பூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவரிடம் பிரியாணியை விடச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. எப்போதாவது சாப்பிடுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 2013-இல் வெளியான ஏரெட்ஸ்-2 என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், ஒமேகா-3 மாத்திரை சேர்த்ததால், ட்ரூசனில் தொடங்கி வயதோடு மேக்குலா சிதையும் இந்த நோய் முற்றுவது கூடுதலாகக் குறையவில்லை. மீனைச் சாப்பிடுவது வேறு விஷயம்: மத்தி, கானாங்கெளுத்தி வாரம் இரண்டு தடவை குழம்பு வையுங்கள். ஏரிக் கெண்டை ருசிதான், ஆனால் ஒமேகா-3 அதில் குறைவு. கருவாடு என்றால் உப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

லூட்டின், ஸியாக்சாந்தின், வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம் சேர்ந்த ‘கண் மாத்திரை’யும் மருந்துக்கடையில் கிடைக்கும். நடுத்தர நிலைக்கு வந்தவர்களுக்கு, அல்லது ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களுக்குத்தான் அதனால் பலன். ஆரம்ப நிலையில் தேவையில்லை. பின்னால் யாராவது எழுதிக் கொடுத்தால், பீடி குடித்தவன் என்று கட்டாயம் சொல்லுங்கள். பழைய கலவையில் இருந்த பீட்டா கரோட்டின், புகை பிடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். அட்டையில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள். பீடியை விட்டதுதான் கண்ணுக்கு நீங்கள் செய்த பெரிய உபகாரம். எந்த எண்ணெயும் அதற்கு ஈடாகாது.

ஆறு மாதமோ ஒரு வருடமோ, அவர்கள் சொன்ன தேதியில் மறுபடி காட்டுங்கள். இடையில் வீட்டிலேயே ஒரு சோதனை: படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட தாளை ஒரு அடி தூரத்தில் வைத்து நடுவில் பாருங்கள். பிறகு மற்ற கண். லுங்கிக் கட்டத்தைப் பார்க்காதீர்கள், துணி சுருங்கினாலும் கோடு வளையும். தாளில் கோடு நெளிந்தாலோ, நடுவில் ஒரு இடம் மங்கினாலோ அடுத்த தேதி வரை பொறுக்கவேண்டாம். விழித்திரைக்கு அடியில் நீர் அல்லது ரத்தம் கசியலாம். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, சீக்கிரம் போட்டால்தான் பார்வை மிஞ்சும். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, விழித்திரை மருத்துவரிடம் போய்விடுங்கள்.