கோடைத் தோட்டத்துக்கு எப்போது போகலாம்?

கேள்வி: ஏப்ரல் மூன்றாம் வாரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகிறோம். அங்குள்ள பூங்காவான கோடைத் தோட்டத்துக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கியிருக்கிறோம். டிக்கெட் முன்பே எடுக்க வேண்டுமா?

பதில்: டிக்கெட்டே கிடையாது, அனுமதி இலவசம். ஆனால் ஏப்ரலில் தோட்டம் பூட்டியிருக்கும். பனி உருகி மண் சேறாகக் கிடக்கும் மாதம் அது. அந்த ஈரத்தில் கூட்டம் நடமாடினால் மண் இறுகிவிடும், மரங்களின் வேருக்குக் காற்று போகாது. அதனால் உலரும்வரை மூடிவைக்கிறார்கள். ரஷ்யர்கள் இதை ‘ப்ரசூஷ்கா’ என்பார்கள். உலரவிடுதல் என்று பொருள். பக்கத்திலுள்ள மிகைலோவ்ஸ்கி தோட்டத்துக்கும் இதே கதைதான், அதை நம்பிப் போகாதீர்கள்.

தேதியை மாற்ற முடியாதென்றால் நேவா நதிக்கரையில் நின்று வேலியைப் பாருங்கள். 36 கருங்கல் தூண்கள், அவற்றின் உச்சியில் கல் ஜாடிகள், இடையிடையே மெல்லிய இரும்புக் கம்பிகள். இதைப் பார்க்க உள்ளே போகவே வேண்டாம். தோட்டத்தின் அசல் சிலைகளும் ஏப்ரலில் கிடைக்கும், அதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: உள்ளே இருப்பவை நகல் சிலைகள் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். பளிங்கின் மயிரிழை விரிசலில் புகுந்த நீர் உறையும்போது விரிந்து கல்லைப் பிளக்கும். அந்த ஊர்க் குளிரில் இது ஆண்டுதோறும் நடக்கும். அதனால் சீரமைப்பு முடிந்து 2012-ல் திறந்தபோது நகல்களை வைத்தார்கள். அசல்கள் மோய்க்கா ஆற்றுக்கு அப்பால், சில நிமிட நடையிலுள்ள மிகைலோவ்ஸ்கி கோட்டையில் இருக்கின்றன. முதலில் தோட்டம், பிறகு கோட்டை என்று போனால் எந்தச் சிலை எந்த மரத்தடியில் நின்றது என்று மனதில் பதியும். தோட்டத்திலுள்ள நீதிக்கதைக் கவிஞர் கிரிலோவின் சிலையை (1855) அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அதன் பீடம் முழுக்க அவர் கதைகளின் விலங்குகள். குழந்தைகளோடு போனால் பீடத்தைச் சுற்றி வரவே நேரம் வேண்டும்.

கேள்வி: ஜூனில், வெண்ணிரவுக் காலத்தில் போனால்?

பதில்: அருமையான தேர்வு. நீரூற்றுகளும் ஓடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் இரவு 10 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். கோஸ்தினி த்வோர் மெட்ரோவில் இறங்கி சதோவயா தெருவில் வடக்கே நடந்தால் இருபது நிமிடத்துக்குள் தெற்கு வாசல். நள்ளிரவிலும் வானம் வெளுத்திருப்பதால் நேரம் போவதே தெரியாது. நேவாவுக்கு அக்கரையில் தங்கியிருந்தால் இரவு ஒரு மணிக்குள் ஆற்றைக் கடந்துவிடுங்கள். அதன்பின் கப்பல்களுக்காகப் பாலங்களைத் தூக்கிவிடுவார்கள், விடியற்காலைவரை இக்கரையில்தான் நிற்க வேண்டும். வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 முதல் அங்கே செல்லாது. டாக்சிக்கும் சேர்த்து ரூபிளாகக் கையில் வைத்திருங்கள்.