கடவுள் பயம் இல்லாமல் நேர்மை இருந்ததா? எடைக்கல்லைப் புரட்டிப் பார்த்த ஒருவனின் பதில்

"மதம் வந்த பிறகுதானே மனிதனுக்கு ஒழுக்கம் வந்தது? பழைய நாகரிகங்களில் கடவுள் பயம் இல்லாமல் நேர்மை இருந்ததற்குச் சான்று உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலோ நண்பர்களிடத்திலோ வாதம் முற்றிப்போய், அதற்குப் பிறகு எழுதிய கேள்வியாகத் தோன்றுகிறது. இதே கேள்வி என் முகத்துக்கு நேரே வீசப்பட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பூசை, விரதம் ஆகியவற்றில் எனக்கு ஒருபோதும் நாட்டம் இருந்ததில்லை. ஆயுத பூசையன்று அலுவலகத்தில் படையல் நடக்கும்போது ஓரமாக நின்று பொரிகடலையை வாங்கிக்கொள்வதோடு சரி. ஓர் ஆண்டு அதைக் கவனித்த மூத்த அலுவலர் ஒருவர், "சாமிக்கே பயப்படாத ஆளு, கை நீட்ட மட்டும் பயப்படுவாரா?" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். யாரிடமும் கை நீட்டாமல் பணிக்காலத்தை முடித்தவன் நான். அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது. இதைச் சொல்வதால் நாத்திகப் பிரசாரம் செய்ய வந்திருக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் மனைவி நாள் தவறாமல் விளக்கேற்றுகிறவர். அவருடைய நேர்மை என்னுடையதைவிட ஒரு மாற்றுகூடக் குறைந்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு பழைய நாகரிகங்களின் சட்டங்களையும் துதிப்பாடல்களையும் மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கியதற்கு அந்த உறுத்தல்தான் காரணம். தொழில் புத்தியால், தராசும் எடைக்கல்லும் வரும் இடங்களைத் தேடித் தேடிப் படித்தேன். தேடத் தேட அவை வந்துகொண்டே இருந்தன.

முதலில் இன்றைய ஈராக் பகுதியில் இருந்த பழைய பாபிலோனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மக்களுக்கு, நல்லவனுக்குச் சொர்க்கம், கெட்டவனுக்கு நரகம் என்ற நம்பிக்கை கிடையாது. இறந்தவர்கள் எல்லோரும் ஒரே இருட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே புழுதியே உணவு, களிமண்ணே அப்பம். அவர்களுடைய கில்காமேஷ் காவியத்தில், நாயகனின் தோழன் என்கிடு காணும் கனவில் அரசர்களும் பூசாரிகளுமே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். தெய்வங்களாவது ஒழுக்கத்துக்கு முன்மாதிரியாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. அத்ராஹசிஸ் என்ற அவர்களுடைய வெள்ளக் கதையில், தலைமைத் தெய்வமான என்லில் மனிதகுலத்தையே வெள்ளத்தில் அழிக்க முனைவதற்குக் காரணம், மனிதர்கள் போடும் சத்தத்தில் அவனுக்குத் தூக்கம் கெட்டதுதான். மறுமையில் கூலி இல்லை, தண்டனையும் இல்லை, பின்பற்றத் தக்க தெய்வமும் இல்லை. உங்களோடு வாதிட்டவரின் கணக்குப்படி அந்த ஊரில் ஒரு படி தானியத்தைக்கூட ஒழுங்காக அளந்திருக்க முடியாது.

ஆனால் அந்த ஊர் மனிதர்கள்தான் சூரியக் கடவுளான ஷமாஷைப் பார்த்து 200 அடிகளில் ஒரு துதி பாடினார்கள். நினிவே நகரில் அசீரிய அரசன் அசுர்பனிபாலின் நூலகத்தில் அதன் படிகள் கிடைத்தன. எடைக்கல்லை மாற்றி வைத்து விற்கும் வணிகன் முதலையும் இழப்பான் என்றும், நாணயமாக நிறுப்பவனின் ஆயுளை ஷமாஷ் நீட்டிப்பான் என்றும் அது சொல்கிறது. வேறு யாரிடமும் முறையிட வழியில்லாத எளியவனின் குரலையும் ஷமாஷ் கேட்கிறான். கள்ளத் தராசு தவறு என்பது பாடியவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் அதைப் பார்க்கவே அவர்களுக்கு ஒரு கண் வேண்டியிருந்தது. வானத்தில் எல்லோர் தலைக்கும் மேலே போகிற சூரியனைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டங்கள் பொறித்த கல்லும் இதையே காட்டுகிறது. கி.மு. 1792 முதல் 1750 வரை ஆண்ட அந்த அரசன் ஷமாஷின் முன் கையை உயர்த்தி நிற்கும் உருவம் கல்லின் உச்சியில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சட்டங்களைக் கடவுளே அருளியதாகப் பலர் எழுதுகிறார்கள். உள்ளே படித்தால், நீதியை நிலைநாட்டும் பொறுப்பைத் தெய்வங்கள் அரசனிடம் ஒப்படைத்தன என்றே இருக்கிறது. சட்டங்களை அவன் தன் சொற்கள் என்றே உரிமை கொண்டாடுகிறான். "இன்னது செய்தால் இன்ன தண்டனை" என்ற நடையில், இன்றைய சட்டப் பிரிவுகளைப் போலவே அவை போகின்றன. சிறிய எடைக்கல்லால் கடன் கொடுத்துவிட்டுப் பெரிய எடைக்கல்லால் திருப்பி வாங்கும் வணிகன், கொடுத்ததை முழுவதுமாக இழப்பான் என்று ஒரு பிரிவு உண்டு. மது விற்கும் பெண் விலையாகத் தானியத்தை ஏற்க மறுத்துப் பெரிய எடைக்கல்லால் வெள்ளியை நிறுத்து வாங்கினால், அவளை நீரில் எறிய வேண்டும் என்பது 108ஆம் பிரிவு. கொடூரமான தண்டனைதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை.

இந்தச் சட்டத்தில் கடவுள் எங்கே வருகிறார் என்று பாருங்கள். ஒருவன் தன் தானியத்தை இன்னொருவன் வீட்டில் சேமித்து வைக்கிறான். வீட்டுக்காரன் அதை எடுத்துக்கொண்டு, தானியமே வாங்கவில்லை என்று சாதிக்கிறான். அப்போது தானியக்காரன் தெய்வத்தின் முன் தன் அளவைச் சொன்னால், மற்றவன் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்கிறது 120ஆம் பிரிவு. கணவன் சந்தேகப்பட்டுக் குற்றம் சாட்டிய மனைவி, கையும் களவுமாகப் பிடிபடாதபோது, தெய்வத்தின் மேல் ஆணையிட்டுவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பலாம் என்கிறது 131. மனித சாட்சி இல்லாத இடத்தில் தெய்வத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். எது குற்றம் என்று தீர்மானிப்பதற்கு அழைக்கவில்லை.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. நான் பார்த்துப் பழகியதுதான். ஒரு வாரச் சந்தையில் நிலக்கடலை மண்டி ஒன்றைச் சோதித்த அனுபவத்தைச் சொல்கிறேன். தராசுக்குச் சந்தனப் பொட்டு, மேலே சாமி படத்துக்கு முழம் மல்லிகை, உரிமையாளர் நெற்றி நிறைய விபூதி. வார்ப்பிரும்பு எடைக்கல்லில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் நிரப்பிச் சரியான எடைக்குக் கொண்டுவந்து, அந்த ஈயத்தின் மேல்தான் முத்திரை குத்துவோம். அவருடைய ஐந்து கிலோ கல்லைப் புரட்டினேன். முத்திரை அப்படியே இருந்தது. நகத்தால் ஓரத்தை அழுத்தியபோது ஈயம் இருக்க வேண்டிய இடத்தில் நகம் இறங்கியது. முத்திரை விழுந்த பகுதியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெழுகை அடைத்துக் கரி பூசியிருந்தார்கள். வாங்கும் மண்டியில் கல் எடை குறைவாக இருந்தால் விவசாயிக்கு நட்டம் எப்படி என்று கேட்பீர்கள். அந்தக் கல் சில்லறைக்காரர்களுக்கு விற்பதற்கு. விவசாயிகளிடம் வாங்கும் பக்கத்தில், கடலை வைக்கும் தட்டைவிடக் கல் வைக்கும் தட்டு கனமாக இருந்தது.

உரிமையாளர் கலங்கவில்லை. சூடத்தைக் கொளுத்தி, அதை அணைத்துச் சத்தியம் செய்வதாகச் சொன்னார். கல்லே சாட்சி சொல்லிவிட்ட பிறகு சத்தியம் எதற்கு என்று பறிமுதல் சீட்டை எழுதினேன். என்னை அதிகம் பாதித்தது அதற்கடுத்து நடந்ததுதான். மூட்டைகளோடு நின்ற ஒரு முதிய விவசாயியிடம் வாக்குமூலம் கேட்டபோது, "விடுங்க சார், மேல இருக்கறவன் பாத்துக்குவான்" என்றார். ஏமாற்றியவரும் ஏமாந்தவரும் கூப்பிட்டது ஒரே சாமியைத்தான். அந்தப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பவர் வேறு யாரிடம் போய் முறையிடுவார்? ஷமாஷ் துதியில் வரும் எளியவன் எனக்கு அவர் முகத்தோடுதான் தெரிகிறான். மதம் ஒழுக்கத்துக்குச் செய்த உண்மையான உதவி இது என்று நினைக்கிறேன். அது சிறிய உதவி அன்று.

எகிப்தைக் காட்டி என்னை மறுப்பவர்கள் இருப்பார்கள். அங்கே மறுமை விசாரணை உண்டு என்பது உண்மை. இறந்தவனின் இதயத்தை ஒரு தட்டிலும் உண்மைக்கும் நீதிக்கும் உரிய தெய்வமான மாஅத்தின் இறகை மறு தட்டிலும் வைத்து நிறுக்கிறார்கள். தேறாத இதயத்தை, முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் விழுங்கிவிடும். இறந்தவரோடு கல்லறையில் வைக்கும் மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 125ஆம் அத்தியாயத்தில் இறந்தவன் தன் குற்றமின்மையை ஒவ்வொன்றாக அறிவிக்கிறான். அளவைக் குறைக்கவில்லை, தராசுக் கல்லில் எடை கூட்டவில்லை, குழந்தைகளின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை என்கிறான். அதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அதே நூலில் வேறொன்றும் இருக்கிறது. விசாரணையில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று சொந்த இதயத்தையே கேட்டுக்கொள்ளும் மந்திரம் அது. வண்டு வடிவக் கல்லில் பொறித்து இறந்தவரின் மார்பில் வைத்தார்கள். இறந்தோர் நூல் எழுதிய பாப்பிரஸ் சுருள்கள், இறந்தவரின் பெயருக்கு இடம் விட்டு முன்கூட்டியே எழுதப்பட்டு விற்கப்பட்டதும் உண்டு. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும், சுமார் கி.மு. 1250ஐச் சேர்ந்த அனி என்ற எழுத்தரின் புகழ்பெற்ற சுருளிலும் பெயர் பின்னால் நிரப்பப்பட்டிருக்கிறது. "தராசைத் திருத்தவில்லை" என்ற வாக்குமூலமும் அதே கடையில் ஆயத்தமாகக் கிடைத்தது. எகிப்தியர் எல்லோரும் வேடதாரிகள் என்று நான் சொல்லவில்லை. கடவுளின் தராசையும் வளைக்க மனிதன் வழி தேடியிருக்கிறான், அதற்கு மதமே கருவியும் கொடுத்திருக்கிறது என்கிறேன்.

பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸ் இந்த விஷயத்தில் ஏமாளியாக இல்லை. சத்தியங்களைக் காக்கும் கடவுளான ஜீயஸை வணங்கிக்கொண்டே, எடையளவைச் சோதிக்க நகரத்துக்கு 5 பேரையும் பிரேயஸ் துறைமுகத்துக்கு 5 பேரையும் குலுக்கலில் தேர்ந்தெடுத்து அமர்த்தியது. என் தொழிலுக்கு இவ்வளவு பழைய முன்னோர்கள் இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

கடைசியாக ஒரு மறுப்பு வரும்: மதத்தையும் ஒழுக்கத்தையும் பிரித்துப் பார்ப்பதே இக்காலப் பார்வை, அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். பாதி சரி. பாபிலோன் இருந்த மெசொப்பொத்தேமியாவில் பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட ஷுர்பு என்ற மந்திரத் தொகுப்பில், கள்ளத் தராசு வைத்ததும், சாபம் பெற்றவன் நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்ததும் ஒரே பட்டியலில் வருகின்றன. வெங்காயத்தை உரித்து நெருப்பில் போட்டுப் பூசாரி மந்திரம் சொன்னால் இரண்டும் கழிந்துவிடும். ஆனால் ஹமுராபியின் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். சாபம் பெற்றவன் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அதில் தண்டனை எதுவும் கிடையாது. எடைக்கல்லை மாற்றிய வணிகனுக்கோ, எத்தனை வெங்காயத்தை உரித்தாலும், கடனாகக் கொடுத்த வெள்ளியை அந்தச் சட்டம் திருப்பித் தராது.