சிசேரியனுக்குப் பிறகு உடற்பயிற்சி: வாசகிகள் கேள்வி, மருத்துவர்கள் பதில்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். வீட்டுக்கு அனுப்பும்போது தையலை நனைக்காதீர்கள், கனமாகத் தூக்காதீர்கள் என்ற இரண்டு அறிவுரைகள்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. அதற்குப் பிறகு எழும் சந்தேகங்களே இந்த முறை கடிதங்களாக வந்திருக்கின்றன. மகப்பேறு மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து பதிலளிக்கிறார்கள்.

சிசேரியன் ஆகி ஐந்து வாரம் ஆகிறது. தையல் காய்ந்துவிட்டது, வலியும் இல்லை. மூன்று மாதம் அசையவே கூடாது என்கிறார் மாமியார். என்னோடு பிரசவித்த தோழியோ ஜிம்முக்குப் போய் கிரஞ்ச் செய்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஈரோடு

இருவர் வழியும் வேண்டாம். வெளியே தெரிகிற தையலை வைத்து உள்ளே இருப்பதைக் கணிப்பதில்தான் தவறு நேர்கிறது. சிசேரியனில் தோல், கொழுப்பு, வயிற்றுத் தசைகளைப் போர்த்தியிருக்கும் தடித்த வெண்ணிற உறை, வயிற்றறையின் உள்சவ்வு, கர்ப்பப்பைச் சுவர் என ஒவ்வொன்றாகத் திறந்து, பிறகு மூடுகிறோம். தசைகளைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, நடுவிலிருந்து இருபக்கமும் விலக்குகிறோம். தோல் பத்து நாளில் ஒட்டிவிடும். தசையுறை அவ்வளவு சீக்கிரம் சேராது. ஆறு வாரத்தில் அதன் பழைய வலுவில் ஏறக்குறைய பாதிதான் திரும்பியிருக்கும். மீதியில் பெரும்பகுதி வந்துசேர ஆறேழு மாதமாகும். மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் கிரஞ்ச் செய்யும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, அரைகுறையாகச் சேர்ந்த அந்த உறையையும், கீழே கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் தசைகளான இடுப்புத்தளத்தையும் தள்ளுகிறது. தையல் இடத்தில் பின்னாளில் குடலிறக்கம் (ஹெர்னியா) வருவதற்கும், இருமினால் சிறுநீர் கசிவதற்கும் இது வழிவிடலாம்.

அசையாமல் படுத்திருப்பதும் பாதுகாப்பானதல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் இரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். அறுவை சிகிச்சை அதை இன்னும் கூட்டும். கெண்டைக்காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதல் நாளே எழுப்பி நடக்க வைக்கிறோம்.

பயிற்சி படுக்கையிலேயே தொடங்கிவிடுகிறது. கால் மரத்துப்போனது தெளிந்ததும், பாதங்களை மேலும் கீழும் 20 முறை, விழித்திருக்கும்போது மணிக்கு ஒருதரம் அசைக்க வேண்டும். எழும்போது நேராக நிமிர்ந்து எழக்கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடியுங்கள்.

சிறுநீர் வெளியேற மருத்துவமனையில் பொருத்திய குழாயை எடுத்து, சிறுநீர் சிரமமின்றிப் போகத் தொடங்கியதும் இடுப்புத்தளப் பயிற்சி. வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே இழுத்து, மேலே தூக்குங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள், பிட்டத்தையும் தொடையையும் இறுக்காதீர்கள். தொடக்கத்தில் மூன்று நொடிதான் நிற்கும். மெல்ல மெல்லப் பத்து நொடிக்குக் கொண்டுவந்து, பத்து முறை செய்யுங்கள். பிறகு வேகமாக இறுக்கித் தளர்த்துவது பத்து. நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போதே பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம். ‘எனக்குச் சுகப்பிரசவம் இல்லையே, இது எதற்கு?’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்பது மாதம் பாரம் சுமந்தது அதே தசைதான்.

நடை, முதல் வாரத்தில் வீட்டுக்குள் ஐந்து நிமிடமாக நாலைந்து தடவை. பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, ஆறாவது வாரத்தில் அரைமணி நேரத்தைத் தொட்டால் போதும். நீங்கள் இப்போது ஐந்தாவது வாரம் என்பதால், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, ஒரு குதிகாலைத் தரையோடு சறுக்கி நீட்டி மடக்குவதையும் சேர்க்கலாம். பக்கத்துக்குப் பத்து.

ஆறாவது வாரப் பரிசோதனையில் மருத்துவர் சரி என்றால், இடுப்பைத் தூக்கும் பாலப் பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தண்டால், ஒன்றிரண்டு கிலோ எடை என்று போகலாம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பிள்ளை பெற்றவர்களுக்கும் சொல்லும் இலக்கு. அதை எட்ட அவசரமில்லை. பயிற்சிக்கு மறுநாள் உதிரப்போக்கு கூடினாலோ, வெளிறியிருந்த உதிரம் திரும்பச் சிவந்தாலோ, தையல் இழுத்து வலித்தாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். ஒரு படி இறங்கி, சில நாள் அங்கேயே நில்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, கண் மங்கலோடு கடும் தலைவலி ஆகியவற்றுக்கு ஓய்வெடுத்துப் பார்க்கும் பேச்சே கூடாது. 108-ஐ அழையுங்கள். காய்ச்சலோ தையலில் சீழோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மகளுக்கு வயிறு உள்ளே போகட்டும் என்று பழைய பருத்திச் சேலையை இறுக்கிக் கட்டுகிறோம். பெல்ட் வாங்கலாமா?
– ஒரு தாய், மதுரை

அம்மா, இரண்டுமே வயிற்றைக் கரைக்காது. கர்ப்பப்பை தானாகவே ஆறு வாரத்தில் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எழவும் நடக்கவும் இருமவும் பெல்ட் தாங்கலாக இருக்கும். அந்த மட்டில் நல்லது. கட்டியபின் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூச்சு தாராளமாக இழுக்க முடிய வேண்டும். மேல்வயிற்றை இறுக்கினால் அழுத்தம் முழுக்கக் கீழே இறங்கி இடுப்புத்தளத்தைத் தள்ளும். அடியில் கனமாக, ஏதோ இறங்குவதுபோல மகள் சொன்னால் உடனே அவிழ்த்துவிடுங்கள். தூங்கும்போது தேவையில்லை. நம் வெயிலில் துணிக்கடியில் வியர்வை தேங்கித் தையல் ஊறுவதுதான் அதிகம் நடக்கிறது. தினமும் துவைத்த துணி, தையல்மேல் உலர்ந்த தோல் என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

நான்கு மாதம் ஆகியும் ஐந்து மாதக் கர்ப்பம் போல வயிறு தெரிகிறது. தினமும் 50 சிட்-அப் செய்தும் பலனில்லை.
– வாசகி, திருப்பூர்

இன்றோடு சிட்-அப்பை நிறுத்திவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தொப்புளுக்கு மேல் விரல் நுனிகளைக் குறுக்காக வைத்து, தலையை மட்டும் சற்றுத் தூக்குங்கள். இரண்டு பக்கத் தசைகளும் விரலை நெருக்கும். நடுவில் எத்தனை விரல் புகுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்று தொப்புளிலும், அதற்கு மேலும் கீழும் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, தலை தூக்கும்போது நடுவயிறு கூடாரம் போலக் கூம்பி எழுந்தாலோ, வயிற்றுத் தசைகள் விலகியே இருக்கின்றன. சிட்-அப் அந்தக் கூம்பலைத்தான் தினமும் 50 முறை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது ஆழத்தில் இருக்கும் குறுக்குத் தசை. கால் மடக்கிப் படுத்து, மூச்சை வெளியே விடும்போது தொப்புளுக்குக் கீழே வயிற்றை முதுகை நோக்கி மெல்ல இழுங்கள். பத்து நொடி, சாதாரணமாக மூச்சு விட்டபடி. பத்து முறை. அது பழகியதும் அதே இழுப்போடு ஒரு காலைத் தூக்கி இறக்குவது, பிறகு தவழும் நிலையில் எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது. எந்தக் கட்டத்திலும் நடுவயிறு கூம்பினால் அந்தப் பயிற்சிக்கு இன்னும் நேரம் வரவில்லை. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் இல்லையென்றால் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டுங்கள். தொப்புளருகே உருண்டையாக ஏதாவது புடைத்து, வலித்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அப்போது பிசியோதெரபிக்கு முன் அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள்.

முதுகில் போட்ட ஊசியால் ஆயுளுக்கும் முதுகுவலி என்கிறார்களே?
– வாசகி, நாகர்கோவில்

ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியை ஊசியின் தலையில் கட்டுவது நம் ஊர் வழக்கம். வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதாலும், குழந்தையை நோக்கிக் குனிந்தே பால் கொடுப்பதாலும்தான் பெரும்பாலும் வலிக்கிறது. முதுகுக்குச் சாய்மானம் வையுங்கள். மடியில் தலையணை வைத்துக் குழந்தையை மார்பளவுக்கு உயர்த்துங்கள். முந்தைய பதில்களில் உள்ள வயிற்றிழுப்பும் பாலப் பயிற்சியும் முதுகுக்கும் மருந்து. காலுக்குள் மின்னல் வெட்டும் வலி, மரத்துப்போதல், சிறுநீர் வருவது தெரியாமல் போதல் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பதினைந்து நாள்தான் ஆகிறது. வீட்டில் தண்ணீர் எடுக்க வேறு ஆள் இல்லை. என்ன செய்வது?
– வாசகி, இராமநாதபுரம்

ஆறு வாரம் வரை குழந்தையின் எடைக்கு மேல் தூக்க வேண்டாம் என்பது பொது விதி. அதாவது மூன்று, நான்கு கிலோ. நிறைந்த பிளாஸ்டிக் குடம் 15 கிலோவைத் தொடும். ஆட்டுக்கல், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் பக்கமே போகாதீர்கள். அக்கம்பக்கத்தில் வாய்விட்டுக் கேட்பதுதான் முதல் வழி, இதில் கூச்சத்துக்கு இடமில்லை. அதற்கும் வழியில்லாத வேளையில் குடத்தை விட்டுவிட்டு, மூன்று லிட்டர் தூக்கு அல்லது இரண்டு பாட்டில்களில் பல நடையாக எடுங்கள். இடுப்பில் வைக்காமல் இரண்டு கையிலும் சமமாகப் பிரித்துப் பிடியுங்கள். பாத்திரத்தை ஒட்டி நின்று, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். மூச்சை அடக்கித் தூக்குவதுதான் தையலை அதிகம் சோதிக்கிறது. மலச்சிக்கலில் முக்குவதும் அதே கேடுதான். கீரை, பழம், தண்ணீர் எதையும் பத்தியத்தின் பெயரில் குறைக்காதீர்கள்.

கல்லூரி நாளிலிருந்து ஓடுகிறேன். எப்போது திரும்பலாம்? குதித்தால் லேசாகச் சிறுநீர் கசிகிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பன்னிரண்டு வாரத்துக்கு முன் ஓட்டம் வேண்டாம். இது 2019-இல் பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் வெளியிட்ட வழிகாட்டுதல். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை தாக்கம் மேலேறுகிறது என்பதால் இந்த எச்சரிக்கை.

நாள் கணக்கோடு இதையும் பாருங்கள்: அரைமணி நேர நடை, ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்றல், ஒற்றைக்காலில் பத்து முறை பாதி உட்காருதல், நின்ற இடத்தில் ஒரு நிமிட ஓட்டம், பத்து முறை முன்னோக்கித் தாவுதல், ஒவ்வொரு காலிலும் பத்து நொண்டிக் குதி. வலி, அடியில் கனம், கசிவு எதுவும் இன்றி இவை வர வேண்டும். ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவதும் ஒற்றைக்கால் பாலமும் இருபது இருபது வர வேண்டும். உங்களுக்குக் கசிவு இருப்பதால் இப்போது ஓட்டம் இல்லை, இடுப்புத்தளப் பயிற்சிதான். அதுவரை வேக நடையும் சைக்கிளும் மூச்சுத்திறனைக் காப்பாற்றும். நீச்சலுக்கு உதிரப்போக்கு முற்றிலும் நின்று, தையல் முழுதாக மூடியிருக்க வேண்டும்.

தொடங்கும்போது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகம் பிறகு. சிறு உழைப்புக்கே மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபின் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களே அதிகம்.

எட்டாவது வாரம். சூரிய நமஸ்காரமும் கபாலபாதியும் செய்யலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

கபாலபாதி, பஸ்திரிகா, நாவாசனம் மூன்றும் வயிற்றை வேகமாகவோ பலமாகவோ அழுத்துபவை. மூன்று மாதமாவது தள்ளிப்போடுங்கள், தசை விலகல் இருந்தால் அதற்கு மேலும். சூரிய நமஸ்காரத்தில் புஜங்காசனம் தையலை நேரடியாக நீட்டும். அந்த இடத்தில் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தால் போதும். பூனை நீட்டல், பாலாசனம், சேதுபந்தாசனம், நாடிசுத்தி இப்போதே செய்யலாம்.

உடற்பயிற்சி செய்தால் தாய்ப்பால் புளித்துவிடுமா?
– வாசகி, சேலம்

புளிக்காது, குறையவும் குறையாது. மிகக் கடுமையான பயிற்சிக்குப் பின் பாலில் லாக்டிக் அமிலம் சற்றுக் கூடும், குழந்தைக்கு அதனால் தீங்கில்லை. பால் கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்தால் மார்பு பாரம் குறைந்திருக்கும். வியர்வையைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

தையலுக்கு மேலே தொட்டால் உணர்ச்சியே இல்லை. உள்ளே இறுகி இழுக்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

தோலின் சிறு நரம்புகள் வெட்டுப்பட்டதால் வந்த மரமரப்பு. சில மாதங்களில் பெரும்பாலும் குறையும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். இறுக்கத்துக்கு மசாஜ் உதவும். ஆனால் ஆறெட்டு வாரம் ஆகி, பொருக்கோ திறந்த இடமோ இல்லாமல் இருந்தால் மட்டும். முதல் வாரம் தையலுக்கு மேலும் கீழும் மட்டும் தேயுங்கள். பிறகு தையல்மீதே இரண்டு விரலை வைத்து, தோலை மேல்-கீழ், பக்கவாட்டு, வட்டமாக நகர்த்துங்கள். தினம் ஐந்து நிமிடம், சிறிது தேங்காயெண்ணெய். இழுவை தெரியலாம், வலி கூடாது. சிவந்து சூடாக இருந்தால் தொடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.