ஐந்து லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: திருமணமாகி 9 ஆண்டுகள் ஆகின்றன. 7 வயதில் மகள் இருக்கிறாள். கணவர் திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். விவாகரத்து மனு போட்டுவிட்டு, "மாதம் 20,000தான் வருமானம். 5 லட்சம் வாங்கிக்கொண்டு, இனி எனக்கும் குழந்தைக்கும் எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடு" என்கிறார். நான் கடையில் கணக்கு எழுதி 12,000 வாங்குகிறேன். வேலைக்குப் போனால் ஜீவனாம்சம் கிடைக்காதாமே? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எந்தக் காகிதத்திலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி.

கொஞ்சம் சம்பாதிக்கிறார் என்பதற்காக மட்டும் மனைவிக்கு ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. உங்கள் சம்பளத்தைக் கணக்கில் எடுத்துத் தொகையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அந்த 12,000-ஐ மட்டும் மறைத்துவிடாதீர்கள். எதிர்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அதை வெளியே கொண்டுவந்தால், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளையும் நீதிபதி சந்தேகிப்பார்.

உங்கள் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் என்று எடுத்துக்கொள்கிறோம். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே நீதிமன்றத்தில் 24-ஆம் பிரிவின்படி இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்டு உடனே மனு போடுங்கள். மகளின் பராமரிப்பை 26-ஆம் பிரிவில் தனியாகக் கேளுங்கள். ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த 2020 தீர்ப்பின்படி, மனு போட்ட தேதியிலிருந்துதான் ஜீவனாம்சம் கணக்காகும். பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு இழப்பு.

வழக்கின் உயிர் அவருடைய உண்மையான வருமானம். அதே தீர்ப்புப்படி இருவருமே சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டே பேசும். தொழில் செய்பவர் வருமான வரிக் கணக்கில் குறைத்துக் காட்டியிருப்பார். எனவே வேறு தடயங்களைத் தேடுங்கள்: ஜிஎஸ்டி கணக்கு, நடப்புக் கணக்கின் வரவு செலவு, யூனிட்டின் மின் கட்டண ரசீது, மெஷின்களின் எண்ணிக்கை, வாகனத் தவணை, மகளின் பள்ளிக் கட்டணம். எல்லாவற்றிலும் வலுவானது வங்கிக் கடன் விண்ணப்பம். கடன் வாங்கும்போது யாரும் வருமானத்தைக் குறைத்துச் சொல்வதில்லை. இவை உங்கள் கையில் இல்லாவிட்டாலும், அவர் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி வக்கீல் மூலம் கேட்கலாம். மாதம் 20,000 சம்பாதிப்பவர் 15,000 வாகனத் தவணை கட்டுகிறார் என்றால், அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் என்று பலர் சொல்வார்கள். அது 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நியாயம் என்று கருதிய அளவு. எல்லோருக்குமான சூத்திரம் இல்லை.

இனி அந்த 5 லட்சம். ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் போட்டால் மாதம் சுமார் 2,900 ரூபாய். அதில் ஒரு குழந்தையை எப்படி வளர்ப்பது? மொத்தத் தொகையே கூடாது என்று சொல்லவில்லை. மாதாமாதம் துரத்த வேண்டாம் என்ற நிம்மதி அதில் உண்டு. ஆனால் அவருடைய பிரமாணப் பத்திரத்தைப் பார்த்த பிறகே தொகையைப் பேசுங்கள். குழந்தையின் பராமரிப்பு உரிமை குழந்தைக்குரியது, அதை நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. உங்கள் நகையும் சீர்ப் பொருட்களும் உங்கள் சொத்து. அவற்றைத் திருப்பித் தருவதை ஜீவனாம்சத்தில் கழிக்க விடாதீர்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து என்று முடிவானால், முழுப் பணமும் தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்திலேயே டிமாண்ட் டிராஃப்டாக வரட்டும். பின்தேதியிட்ட காசோலைகளை நம்பித் தீர்ப்பு வாங்கியவர்கள் பிறகு அதற்காகவே தனி வழக்கு நடத்த வேண்டியிருக்கிறது.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். கணவரின் மனு நகல், திருமணப் பத்திரிகை, மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் சம்பளச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சம்மனில் உள்ள தேதிக்கு முன்பே போய்விடுங்கள். அன்று ஆஜராகாவிட்டால் உங்களைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரக்கூடும்.