சிரித்தால் கால் துவள்கிறதா?

கேள்வி: எனக்கு 24 வயது. இரவில் எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறது, பைக் ஓட்டும்போதுகூட. படுத்தால் யாரோ நெஞ்சில் ஏறி அமுக்குவதுபோல் இருக்கிறது. பலமாகச் சிரித்தால் கால் துவண்டுவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் செரோட்டோனின் குறைவு என்று வந்தது. இது மனநோயா? 5-ஹெச்டிபி மாத்திரையும் தூக்க பெப்டைடு ஸ்பிரேயும் ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் எழுதியதில் மனநோயின் சாயலே இல்லை. அந்த லேப் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுங்கள். செரோட்டோனின் என்பது நரம்பணுக்கள் சேதி அனுப்பும் ரசாயனம். ஆனால் உடம்பில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் குடலில் உண்டாவது. ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் போகாது. மூளையின் கணக்கு அந்த எண்ணில் தெரியாது. அமுக்குவான் பேயும் பேயில்லை. கனவுத் தூக்கத்தில் தசைகள் தளர்ந்து கிடக்கும்போதே விழிப்பு வந்தால் கண் திறக்கும், கை அசையாது. நோயே இல்லாதவர்களுக்கும் வரும்.

போகிற போக்கில் சொன்னீர்களே, சிரித்தால் கால் துவள்கிறது என்று, அந்த வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். நினைவு தப்பாமல், சில விநாடிகளில் தானாகச் சரியாகிறது என்றால் அது கேட்டப்ளெக்ஸியாக, அதாவது உணர்ச்சிவேகத்தில் தசைகள் திடீரென்று தளர்வதாக இருக்கலாம். பகல் தூக்கமும் கூடவே இருப்பதால் நார்கோலெப்சி என்ற தூக்க நோயைச் சந்தேகித்தே ஆகவேண்டும்.

மூளையின் ஹைபோதாலமஸ் பகுதியில் சில பத்தாயிரம் நரம்பணுக்கள் ஓரெக்சின் என்ற பெப்டைடை, அதாவது குட்டிப் புரதத்தைச் சுரக்கின்றன. 1998இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். மூளைத்தண்டில் செரோட்டோனினை வெளியிடும் அணுக்களைத் தட்டியெழுப்பி, விழிப்பு கலையாமல் காப்பதில் இதற்குப் பெரிய பங்கு. அந்தச் செரோட்டோனின் அணுக்கள் நாம் விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கும். ஆழ்ந்த தூக்கத்தில் மந்தமாகும். கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். இந்த நோயில் ஓரெக்சின் அணுக்கள் பெரும்பாலும் அழிந்துவிடுவதால் கனவுத் தூக்கத்தின் தசைத் தளர்ச்சி விழிப்புக்குள் நுழைகிறது. சிரிப்பு அதற்கு வாசல். ஆக, கடையில் செரோட்டோனின் என்ற சரக்கு இருக்கிறது, காலையில் கடை திறக்கிற ஓரெக்சின் என்ற ஆள்தான் இல்லை. சரக்கை மேலும் இறக்கி என்ன பயன்?

அதனால், உடம்பில் செரோட்டோனினாக மாறும் 5-ஹெச்டிபி வேண்டாம். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம் என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும். ஸ்பிரே குப்பைக்கு. அதில் என்ன இருக்கிறது என்று விற்றவருக்காவது தெரியுமா?

பைக் சாவியை இன்றே வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கிணற்றுக் குளியலும் வேண்டாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஓர் இரவு முழுக்கத் தூக்கத்தைப் பதிவு செய்து, மறுநாள் பகலில் இரண்டு மணிக்கொரு தடவை படுக்க வைத்துப் பார்ப்பார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு தடவையாவது சட்டென்று கனவுத் தூக்கத்துக்குப் போனால் சந்தேகம் வலுக்கும். உறுதியானால் பகல் தூக்கத்துக்கு மொடாஃபினில், கால் துவள்வதற்கு வென்லாஃபாக்சின் என்று மருந்துகள் உண்டு. இவற்றை நீங்களாகத் தொடங்காதீர்கள்: வென்லாஃபாக்சின் பரிசோதனையையே குழப்பும், திடீரென்று நிறுத்தினால் துவளல் அடுக்கடுக்காக வரும்.

அப்புறம், கால் துவளும்போது யாராவது செல்போனில் வீடியோ எடுத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. நன்றாக ஜோக் அடிக்கும் நண்பரிடம் அந்த வேலையைக் கொடுங்கள், பக்கத்தில் மெத்தை இருக்கட்டும்.