பேரனின் பகடையும் போதகரின் தீயும்

கேள்வி: நாங்கள் சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் கிறிஸ்தவக் குடும்பம். பதினான்கு வயதுப் பேரன் சனிக்கிழமைதோறும் நண்பர்களோடு உட்கார்ந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பகடை உருட்டி விளையாடுகிறான். வாயைத் திறந்தால் மந்திரவாதி, பூதம், சாபம். இது பிசாசுக்குக் கதவைத் திறந்துவிடும் வேலை, புத்தகங்களோடு சேர்த்துக் கொளுத்திவிடுங்கள் என்று எங்கள் போதகர் ஆராதனையிலேயே சொல்லிவிட்டார். பையன் அழுகிறான். கொளுத்தலாமா?
— ஓர் ஆயா, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: கூடாது அம்மா. தீப்பெட்டி அடுப்படியிலேயே இருக்கட்டும்.

போதகர் வேதாகமத்தில் உபாகமம் பதினெட்டாம் அதிகாரத்தைக் காட்டியிருப்பார். கொளுத்தச் சொன்னவர் அப்போஸ்தலர் பத்தொன்பதையும் விட்டிருக்க மாட்டார். இரண்டாவதை முதலில் பார்ப்போம். எபேசு பட்டணத்தில் மாயவித்தை செய்துவந்த பலர் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் எரித்தார்கள். அவற்றின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு என்று வேதாகமம் கணக்குச் சொல்கிறது. எரித்தவர்கள் அந்த வித்தையை உண்மை என்று நம்பிச் செய்துவந்தவர்கள். எரித்தது சொந்தப் புத்தகங்களை, தாங்களாகவே மனம் திரும்பி. அழுகிற ஒரு பையனின் பையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை.

உபாகமத்தின் பட்டியல் நீளமானது. குறிசொல்லுகிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், செத்தவர்களிடம் குறிகேட்கிறவன் என்று போகிறது. அதே வரிசையில் நாள் பார்க்கிறவனும் இருக்கிறான். ஞானஸ்நானம் பெற்ற பின்னும் கல்யாணத் தேதி குறிக்கும்போது ராகுகாலத்தை ஓரக்கண்ணால் பார்க்கிற குடும்பங்களை டர்பனில் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வீட்டு நாட்காட்டியைக் கொளுத்தும்படி எந்தப் போதகரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, உங்கள் பேரன் என்னதான் செய்கிறான்? ஆளுக்கொரு பாத்திரமாகி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லும் ஆட்டம் இது. அவனுடைய மந்திரவாதி ஒரு நெருப்புக் கோளத்தை எறிகிறான் என்று வையுங்கள். பையன் எட்டுப் பகடைகளை உருட்டி, விழுந்த எண்களைக் கூட்டுகிறான். எதிரியின் உயிர்ப்புள்ளிகளிலிருந்து அந்தத் தொகை கழிகிறது. ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்று அளவும் உண்டு; தீர்ந்தால் மந்திரவாதி தூங்கி எழ வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதே கூட்டல் கழித்தலைச் செய்யச் சொன்னால் முகம் சுளிப்பான், அது வேறு விஷயம். யாரையும் கும்பிடுவதில்லை, யாருக்கும் படையல் இல்லை, பூதம் நிஜத்தில் இருப்பதாக அந்த மேசையில் ஒருவனும் நம்புவதில்லை.

இந்தப் பயம் இறக்குமதிச் சரக்கு. 1974இல் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு இது. 1979இல் அங்கே ஒரு மாணவன் காணாமல் போனான். விளையாட்டுப் பித்தில் பல்கலைக்கழகத்தின் சுரங்கவழிகளில் தொலைந்துவிட்டான் என்று ஒரு துப்பறிவாளர் ஊகிக்க, பத்திரிகைகள் அதையே செய்தியாக்கின. அந்தப் பிள்ளை மனச்சோர்வில் உயிரைவிடத் துணிந்து போயிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை அச்சிட யாருக்கும் அவ்வளவு அவசரம் இல்லை. மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தாய் 1983இல் இந்த விளையாட்டுக்கு எதிராக ஓர் அமைப்பையே தொடங்கினார். அவர் துயரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நொந்து போன பிள்ளையின் மனதைப் பார்க்காமல் அவன் கையிலிருந்த பகடையைப் பார்த்தார்கள். 1989இல் வந்த புதிய பதிப்பில் பிசாசுகளை நீக்கி, பிறகு வேறு பெயர் சூட்டித் திரும்பக் கொண்டுவந்து, விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் தப்பித்துக்கொண்டது. நம் தென்னாப்பிரிக்காவிலும் அந்தக் காற்று அடித்தது. 1992இல் போலீசிலேயே அமானுஷ்யக் குற்றங்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு திறந்தார்கள்.

உங்கள் போதகரிடம் நான் கேட்க விரும்புவது வேறு. தென்னாப்பிரிக்காவில் மந்திரத்தின் பெயரால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், விளையாட்டில் இல்லை. சூனியக்காரி என்று ஊர் கைகாட்டியதால் வீட்டோடு எரிக்கப்பட்டவர்கள் உண்டு. அவர்களில் பலர் உங்கள் வயதுப் பெண்கள். ஒருவரைச் சூனியக்காரர் என்று சுட்டிக்காட்டுவதே குற்றம் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படியும் அடங்கவில்லை, வட மாகாணத்தில், இன்றைய லிம்போபோவில், நடந்த கொலைகளை விசாரிக்க 1995இல் ஒரு விசாரணைக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. கொன்றவர்கள் மந்திரக் கதை படித்தவர்கள் அல்லர். மந்திரத்தை உண்மை என்று நம்பியவர்கள். பகடைக்குள் பிசாசு இருக்கிறது என்று மேடையேறிச் சொல்பவர், பையனுக்கு இல்லாத அந்த நம்பிக்கையை ஊருக்கு ஊட்டுகிறார்.

டர்பன் வீதிகளில் ரோபோ (நம்மூர்ப் போக்குவரத்து விளக்கு) சிவப்பானதும் காருக்குள் துண்டுப்பிரசுரம் வந்து விழுகிறதே, பார்த்திருப்பீர்கள். ஓடிப்போன கணவனைத் திரும்பக் கொண்டுவருவாராம், லாட்டோ எண் சொல்வாராம், கடனைத் தீர்ப்பாராம். உபாகமம் தேடுகிற ஆள் அங்கே இருக்கிறார். கட்டணமும் வாங்குகிறார்.

இதைப் படித்துவிட்டு இந்து வாசகர்கள் புன்னகைக்க வேண்டாம். மகன் பரீட்சையில் தோற்றால் சம்பந்தி வீட்டார் ஏதோ வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழத்தோடு அலைவது நம் தெருவில்தான்.

இன்னொன்று. எல்லா மாயக் கதைகளும் பிசாசின் கைவரிசை என்றால், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனை எங்கே வைப்பது? உங்கள் பேரனின் விளையாட்டில் வரும் குள்ளர்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் அவர் பெரியப்பா முறை. மனிதர் பக்தியுள்ள கத்தோலிக்கர். அந்தக் கதை அடிப்படையில் சமயம் சார்ந்தது, கத்தோலிக்கமானது என்று கடிதத்தில் எழுதியவர். பிறந்தது 1892இல் நம் புளூம்ஃபொன்டைனில். (அதற்கு முந்தைய ஆண்டுச் சட்டத்தால் இந்தியர் குடியிருக்க முடியாமல் போன ஃப்ரீ ஸ்டேட் பகுதியில் உள்ள ஊர் அது. பிசாசைத் தேடுவோர் அந்தச் சட்டப் புத்தகத்திலிருந்து தொடங்கியிருக்கலாம்.)

உங்கள் மனச்சாட்சிக்கு ஒவ்வாததை வீட்டுக்குள் விட மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சில புத்தகங்களில் பதினான்கு வயதுக்குப் பொருந்தாத கொடூரம் இருக்கும். அவற்றைப் பூட்டி வையுங்கள். பையன் யாருடன் விளையாடுகிறான், எத்தனை மணிக்குப் படுக்கிறான், கணினி வழியாகச் சேரும் முகம் தெரியாத ஆள் யார் என்பதையெல்லாம் கண்டிப்பாகக் கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை நீங்களும் அந்த மேசையில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். போதகரையும் அழையுங்கள். வந்து ஓர் ஆட்டம் முழுக்கப் பார்த்த பிறகும் அவர் கருத்து மாறவில்லை என்றால் மறுப்பு எழுதி அனுப்பட்டும். ஒரு வரியும் வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.