மூன்று தடவை படித்தும் மனதில் நிற்கவில்லை, இது மறதி நோயா?

கேள்வி: நான் 48 வயதுப் பெண். பதவி உயர்வுத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பாடத்தை மூன்று தடவை படித்து, முக்கியமான வரிகளில் எல்லாம் மஞ்சள் பேனாவால் கோடு போட்டாலும், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மனதில் ஒன்றுமே இருப்பதில்லை. வேலை முடிந்து வந்து இரவு 1 மணி வரை படிக்கிறேன், காலை 5 மணிக்கு எழுந்துவிடுகிறேன். தெரிந்தவர்களின் பெயர்கூடச் சில நேரம் நுனிநாக்கில் நின்றுவிடுகிறது. என் அம்மாவுக்கு 74 வயதில் அல்சைமர் நோய் என்று சொன்னார்கள். எனக்கும் ஆரம்பித்துவிட்டதா? இப்போது ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும் என்கிறார்களே, செய்து பார்த்துவிடட்டுமா? ஞாபக சக்தி மாத்திரை ஏதாவது சாப்பிடலாமா?

பதில்: அம்மாவின் மறதியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு பெயர் சட்டென்று வராவிட்டாலே மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். நேரில் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்லக்கூடாது, ஆனாலும் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது அல்சைமர் போலத் தெரியவில்லை. நான்கு மணி நேரத் தூக்கம், பாடம் மனதில் தங்காத ஒரு படிப்பு முறை, அதற்கு மேல் பயம், இந்த மூன்றும் சேர்ந்தால் நல்ல மூளையும் இப்படித்தான் தடுமாறும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், என்ன மறந்தது, எப்போது மறந்தது, எத்தனை நாளில் மறந்தது என்று எல்லாமே உங்களுக்கு நினைவிருக்கிறது. நுனிநாக்கில் நின்ற பெயர் அரை மணி நேரம் கழித்து, வேறு வேலையில் இருக்கும்போது தானாக வந்து விழுந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அப்படி வந்தால் பெயர் பத்திரமாக இருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது என்று பொருள். அல்சைமரின் ஆரம்பத்தில் நடப்பது வேறு. கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பார்கள், முன்பு கேட்ட நினைவே இருக்காது. பல வருடம் போய்வந்த வழியில் திகைத்து நிற்பார்கள். பெரும்பாலும் அவர்கள் தாமாக வந்து "எனக்கு மறக்கிறது" என்று சொல்வதில்லை, வீட்டில் இருப்பவர்கள்தான் அழைத்து வருவார்கள்.

மருத்துவர்கள் செய்கிற ஒரு எளிய சோதனையைச் சொல்கிறேன். வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஒரு கடிகாரம் வரையுங்கள், 11 மணி 10 நிமிடம் காட்டுங்கள் என்போம். நோய் தொடங்கியவர்களில் சிலர் வட்டத்தை அழகாகப் போட்டுவிடுவார்கள், எண்களையும் சரியாக எழுதிவிடுவார்கள், ஆனால் பெரிய முள்ளை 2-க்குக் கொண்டுபோகாமல் 10 என்ற எண்ணின் மேலேயே வைத்துவிடுவார்கள். 'பத்து' என்று காதில் விழுந்ததும் கை 10-க்குப் போய்விடுகிறது, அதை நிமிடமாக மாற்றும் வேலை நடக்கவில்லை. இந்த ஒரு சோதனையை வைத்து நோயை முடிவு செய்ய மாட்டோம், ஆனால் சாதாரண மறதிக்கும் நோய்க்கும் உள்ள வித்தியாசம் இதில் கண்ணுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கட்டாயம் கடத்தப்படுகிற அல்சைமர் வகைகள் மிக அபூர்வம், அவை பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். 74-ல் வந்தது பொதுவாகக் காணப்படும் முதுமை வகைதான். அதில் மற்றவர்களைவிட உங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

சரி, இப்போது படிப்புக்கு வருகிறேன். நினைவாற்றலைப் பற்றி விஞ்ஞானம் இந்த 20 வருடங்களில் உறுதியாகச் சொன்ன மிக உபயோகமான விஷயம் இங்கேதான் இருக்கிறது, அது பலருக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம்.

2006-ல் அமெரிக்காவில், செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் ஒரு ஆய்வு செய்தார்கள். மாணவர்களிடம் ஒரு பாடப் பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை மூன்று முறை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முந்தினார்கள், 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழாகிவிட்டது. நான்கு முறை படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிச்சம், ஒரே ஒரு முறை படித்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதியவர்களிடம் 61.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 5 நிமிடக் கணக்கைத்தான். திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிய முகம் போல ஆகிவிடும், உடனே "எனக்குத் தெரியும்" என்ற திருப்தி வந்துவிடும். பார்த்ததும் அடையாளம் தெரிவதும், பார்க்காமல் சொல்ல முடிவதும் மூளைக்கு வேறு வேறு வேலை. தேர்வு அறையில் உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது, நீங்கள் மூன்று தடவையும் பயிற்சி செய்தது முதலாவது. மஞ்சள் பேனாவும் அப்படித்தான், கை வேலை செய்கிறது, மனம் செய்வதில்லை.

உங்களைப் போலவே ஒருவர் என்னிடம் வந்திருந்தார், தடிமனான நோட்டும் கையுமாக. ஏறக்குறைய எல்லா வரியும் மஞ்சள். நோட்டை வாங்கி மூடி மேசையின் என் பக்கம் வைத்துவிட்டு, நேற்று படித்ததைச் சொல்லுங்கள் என்றேன். அரை நிமிடம் பேச்சே இல்லை, கண் கலங்கிவிட்டது. நான் காத்திருந்தேன். அப்புறம் ஒரு குறிப்பு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, பிறகு "இல்லை இல்லை, அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது" என்று தானே திருத்திக்கொண்டு மூன்றாவது. மறந்துபோனது என்று அவர் நினைத்ததில் பாதி உள்ளேயே இருந்தது. அந்த அரை நிமிடக் கஷ்டம்தான் படிப்பு. பதில் வராமல் தேடுகிற அந்த நேரத்தில்தான் நினைவு வலுப்படுகிறது, அங்கேயே நாம் பயந்து புத்தகத்தைத் திறந்துவிடுகிறோம்.

ஆகவே ஒரு பகுதியைக் கவனமாக ஒரு தடவை படியுங்கள், மூடுங்கள், வெறும் தாளில் நினைவில் வருவதை எழுதுங்கள், வாய்விட்டு யாருக்காவது சொன்னாலும் சரி. பிறகு திறந்து விட்டுப்போனதை மட்டும் பாருங்கள். மறுநாள் மூடிய புத்தகத்தோடு மறுபடி, மூன்று நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து மறுபடி. இந்த இடைவெளி முக்கியம். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, மறதி எந்த வேகத்தில் நடக்கிறது என்று 1885-ல் வெளியிட்டார். முதல் சில மணி நேரங்களில் சரசரவென்று இறங்கி, பிறகு மெதுவாகிறது. 2015-ல் ஆம்ஸ்டர்டாமில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் கிட்டத்தட்ட அதே கோடுதான் வந்தது. இரண்டு நாளில் நீங்கள் மறந்தது நோய் அல்ல என்று நான் தைரியமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லோருக்கும் அப்படித்தான் மறக்கும், 20 வயதிலும்.

அடுத்தது தூக்கம். இதில் நான் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். 1 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால், பகலில் படித்ததை மூளை பதிய வைக்கிற நேரத்தைத்தான் வெட்டுகிறீர்கள். 1994-ல் எலிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பகலில் ஓர் இடத்தில் சுற்றி வந்தபோது ஹிப்போகாம்பஸ் என்கிற நினைவுப் பகுதியில் எந்த நரம்புச் செல்கள் சேர்ந்து இயங்கினவோ, பிறகு எலி தூங்கும்போதும் அதே செல்கள் சேர்ந்து இயங்கின. நடந்த பாதையைத் தூக்கத்தில் மூளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. மனிதர்களிடமும் இதைப் போன்ற தடயங்கள் பிறகு கிடைத்திருக்கின்றன. 

தூக்கத்தில் மூளை கழிவைக் கழுவித் தள்ளுகிறது என்று நீங்கள் படித்திருக்கலாம். 2013-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எலி ஆய்வு அது, பெரிய செய்தியாக ஓடியது. 2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் எலிகளில் அளந்து பார்த்து, தூக்கத்தில் அந்த வெளியேற்றம் குறைவதாக எதிர்மாறாகச் சொன்னார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. புதிய கண்டுபிடிப்பு என்று கேள்விப்படும்போதெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஆய்வு வந்ததும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஆனால் தூக்கம் குறைந்தால் மறுநாள் கவனமும் நினைவும் குறையும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. இரவு 11 மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, காலை 6 மணி வரை 7 மணி நேரம் தூங்குங்கள். மணிக்கணக்கில் திரும்பப் படிப்பதை விட்டுவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் எப்படியும் மிச்சமாகும்.

ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செய்தி உண்மைதான். 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, அல்சைமருக்கான முதல் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. ரத்தத்தில் பி-டாவ்217 என்ற புரதத்துக்கும் அமிலாய்டு புரதத்துக்கும் உள்ள விகிதத்தை அது அளக்கிறது. முதுகுத் தண்டுநீர் எடுத்தோ, விலை உயர்ந்த ஸ்கேன் செய்தோ அறிந்ததை ரத்தத்தில் அறிய முடிவது உண்மையாகவே பெரிய முன்னேற்றம், எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் அது அறிகுறி உள்ள, வயதில் மூத்தவர்களுக்கு, நிபுணர் மற்ற சோதனைகளோடு சேர்த்துப் பார்ப்பதற்கானது. அறிகுறி இல்லாத 48 வயதுக்காரர் மனத் திருப்திக்காகச் செய்துகொள்ளும் சோதனை அல்ல. இரண்டு பக்கமும் தெளிவில்லாத ஒரு முடிவு வந்தால், தேர்வு நேரத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? இப்போதைக்கு வேண்டாம்.

ஞாபக சக்தி மாத்திரையும் வேண்டாம். இந்த வகையில் அதிகம் பேசப்பட்ட ஜின்கோ பிலோபா என்ற மூலிகை மருந்தை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் பல வருடம் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள், மறதி நோயை அது தடுக்கவில்லை.

அதற்குப் பதிலாக உங்கள் மருத்துவரிடம் வேறு சில பரிசோதனைகளைக் கேளுங்கள். பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம். பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், இரண்டையும் சரிசெய்ய முடியும். சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர் என்றால் பி12 கட்டாயம் பாருங்கள், அந்த மருந்து அதைக் குறைக்கக்கூடும். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற, தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரைகளை அடிக்கடி போடுகிறீர்களா என்றும் பாருங்கள். அப்புறம் ஒன்று, மாதவிடாய் நிற்கப்போகும் இந்த வயதில் வார்த்தை சட்டென்று வராமல் தடுமாறுவது நிறைய பெண்களுக்கு நடக்கிறது. பலர் அதை வெளியே சொல்லாமல் தனக்கு மட்டும் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துகொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பிறகு சீராகிவிடும். மாதவிடாய் ஒழுங்கு மாறியிருக்கிறதா, இரவில் வியர்த்து விழிப்பு வருகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு இருந்தால் அதையும்.

நீண்ட காலத்துக்கு என்ன செய்யலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் சொன்னபடி, உலகில் வரும் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதம் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடல் உழைப்பின்மை எல்லாம் அதில் உண்டு. காது கேளாமையும் பார்வைக் குறைவும்கூட இருப்பதுதான் பலரைத் திகைக்க வைக்கிறது. காது மந்தமாக இருந்தால் கூச்சப்படாமல் கருவி போடுங்கள். நடையைப் பற்றி 2011-ல் வந்த ஒரு ஆய்வை என் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன். 120 முதியவர்களில் ஒரு பாதியினர் வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வேகமாக நடந்தார்கள், மறு பாதியினர் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஒரு வருடத்தில் நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. நடந்துகொண்டே படித்ததை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், இரண்டு வேலையும் ஆகும்.

தூக்கத்தையும் படிக்கும் முறையையும் மாற்றி ஆறு வாரம் பாருங்கள். அதற்குள் எப்போதாவது வீட்டில் இருப்பவர்கள், கேட்டதையே திரும்பக் கேட்கிறாய் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னால், அல்லது பழகிய வேலையின் வரிசை குழம்பினால், ஆறு வாரம் முடியக் காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், அதைக் கவனித்தவரையே கூட்டிக்கொண்டு போங்கள், மருத்துவருக்கு அவரிடமும் கேட்க வேண்டியிருக்கும்.